சுரைக்குளத்து மத்தியானம்

சித்திரைக்கும் ஐப்பசிக்கும் ஒரே வெயில் அடிக்கிற சுரைக்குளம் என்கிற ஊரில், ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் காணாமல் போனது. காலை தன் இடத்தில் இருந்தது. சாயங்காலமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே, நாய் வேம்படியில் குழி பறித்துப் படுக்கிற, காகம் கத்தலாமா என்று யோசிக்கிற, மனிதன் தன் நிழலைத் தானே மிதித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பொழுது மட்டும் வரவில்லை. பதினொன்றரைக்கு அடுத்த நிமிஷம் ஒன்றரை. உச்சியைத் தொட இன்னும் கொஞ்சமே ஏற வேண்டியிருந்த சூரியன், கண் இமைத்துத் திறப்பதற்குள், உச்சியைத் தொடாமலே மேற்கே இறங்கி நின்றது. மேற்கே விழுந்திருந்த நிழல்கள் குட்டையாகாமலே கிழக்கே விழுந்திருந்தன. கிணற்றில் வாளியை விட்டவள் பதினொன்றரைக்கு விட்டு ஒன்றரைக்கு இழுத்தாள். கை வலிக்கவில்லை.

இதை முதலில் கவனித்தவள் சத்துணவு அமைப்பாளர் அழகுமீனாள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் சமையற்கூடத்தில் அவள் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கரைத்த புளியை ஊற்றக் கையைத் தூக்கியபோது, ஜன்னல் வழியாகக் கிழக்குச் சுவரில் வெயில் விழுந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தச் சுவரில் வெயில் விழும்போது அவள் பாத்திரம் கழுவி முடித்திருப்பாள். அவள் சாம்பாரைப் பார்த்தாள். சாம்பார் இன்னும் கொதிக்கவில்லை.

"என்னாத்தா, நாம சுணங்கிட்டமா, சூரியன் முந்திருச்சா?" என்று கேட்டாள் சமையல்காரி இருளாயி.

"சூரியன்தான்" என்றாள் அழகுமீனாள், புளியை ஊற்றியபடி.

அன்றைக்குத்தான் ஊருக்குக் கிழக்கே, ஒரு காலத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்த பொட்டலில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்ணாடிப் பலகைகளைச் சாய்த்து வைத்து, கடல் என்று நம்பி இறங்கிய கொக்குகள் கால் சுட்டுத் திரும்பும்படி பரப்பியிருந்த சோலார் பிளான்டின் கடைசி பிளாக்கையும் தேசத்தின் மின்தொகுப்போடு இணைத்தார்கள். ஒரு மந்திரி வந்து பட்டனை அழுத்தினார். கைதட்டத் தூக்கிய கைகள் ஒன்றோடொன்று சேர்ந்தபோது மணி ஒன்றரை ஆகியிருந்தது. மந்திரி பக்கத்து ஊரில் ஒரு மணிக்கு ஒப்புக்கொண்டிருந்த கூட்டத்தை நினைத்து டிரைவரைத் திட்டினார்.

பழைய இலக்கணக்காரர்கள் நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்து, நிலத்துக்கொன்றாக ஒதுக்கியிருக்கிறார்கள். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை என்று மணமுள்ளதெல்லாம் மற்றவர்களுக்குப் போக, பாலைக்குக் கடைசியில் மிஞ்சியது நண்பகல். சுரைக்குளத்துக்கு முன்னோர் விட்டுப்போன சொத்து என்று பார்த்தால் அது ஒன்றுதான். அதுவும் இப்போது உயரமான கோபுரங்கள் வழியாக, கம்பியில் ஏறி, வடக்கே போய்விட்டது.

ஊர் இதற்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று. சுரைக்குளத்துக்காரர்கள் மழை பொய்த்தபோது பழகினவர்கள், கண்மாய் வற்றியபோது பழகினவர்கள், பஸ் நின்றபோதும் பழகினவர்கள். மத்தியானம் போனதற்கா மலைப்பார்கள்? மத்தியானச் சமையல் இல்லாத ஊர் என்ற செய்தி சுற்றுவட்டாரத்தில் பரவியதும், பெண் கொடுக்க யோசித்தவர்கள் எல்லாம் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். முப்பத்தெட்டு வயது வரை ஜாதகம் பொருந்தாமல் கிடந்த இரண்டு பேருக்கு ஒரே மாதத்தில் பொருந்தியது. மாமியார்கள் மட்டும் முணுமுணுத்தார்கள். "அரை நாள் மருமக" என்று ஒரு சொல் ஊரில் புழக்கத்துக்கு வந்தது. கிழவர்கள் உறக்கம் போனதே என்று வருந்தினார்கள், பிறகு அத்தனை நேரம் ஆயுளில் கழியாமல் மிச்சமாகிறது என்று யாரோ சொன்னதும் வருந்துவதை நிறுத்தினார்கள். ஆவடியில் கட்டிக்கொடுத்த ஒருத்தி போனில் அழைத்து, தன் வீட்டு மின்விசிறியைச் சுழலவிட்டால் காய்ந்த மிளகாய் நெடி வருகிறது என்றும், அந்தக் காற்றில் படுத்தால் அம்மா வீட்டில் படுத்த மாதிரி தூக்கம் வருகிறது என்றும் சொன்னாள். அவளுடைய அம்மா, "நம்ம மத்தியானந்தான் தாயி, நல்லாத் தூங்கு" என்று சொல்லி வைத்தாள்.

உண்மையில் கெட்டது மூன்று. ஒன்று மிளகாய். ஊரின் முண்டு மிளகாய் உச்சி வெயிலில் காய்ந்துதான் சிவக்கும். இப்போது அது களத்தில் ஒரு வாரம் கிடந்தும் பயந்த மாதிரி வெளுத்தது. இரண்டாவது, ஊர் எல்லையில் இருந்த உச்சிமுனி. உச்சிப்பொழுதில் குதிரையேறி ஊரைச் சுற்றி வருவது அதன் வேலை. ஏறுவதற்குப் பொழுது இல்லாமல் பீடத்திலேயே குந்தியிருந்தது. பூசாரி சாத்தையா உச்சிகாலப் படையலை ஏந்திக்கொண்டு நிற்பார், நிற்கும்போதே ஒன்றரை ஆகிவிடும், படையலை ஏந்தியபடியே திரும்பிவிடுவார். "ரிட்டயர் ஆனவுகளுக்கும் பென்ஷன் உண்டு. எங்க முனிக்கு அதுவும் கெடயாது" என்பார்.

மூன்றாவது, சத்துணவு.

முதல் மாதம் ஒரு சிக்கலும் இல்லை. அழகுமீனாள் ஒன்றரைக்குச் சோறு போட்டாள், பிள்ளைகள் ஒன்றரைக்குச் சாப்பிட்டார்கள், முட்டை முட்டையாகவே இருந்தது. பள்ளியின் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காருவார்கள். ஊர்ப் பந்தியின் வழக்கம் அங்கேயும் உண்டு. சுரைக்குளத்தில் பந்தியில் உட்கார்ந்தவர், கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை எழுப்பியதாக அர்த்தம். அப்படி எழுந்த ஒருவரால் மேலத்தெருவும் கீழத்தெருவும் இரண்டு தலைமுறை பேசாமல் இருந்திருக்கின்றன. ஆகவே பள்ளிக்கூடம் முழுக்க தினமும் இரண்டாம் வகுப்புப் பூமயிலுக்காகக் காய்ந்த கையோடு காத்திருக்கும். பூமயில் முட்டையை உரிக்கிற அழகு அப்படி. ஓட்டைத் துளித் துளியாகப் பெயர்த்து, தட்டின் விளிம்பில் கோலம் மாதிரி ஒட்டிவைத்து, வெள்ளையைச் சுற்றிக் கொறித்து, மஞ்சளைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பாள்.

"அடியே, நீ முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிரும்" என்பான் ஐந்தாம் வகுப்புக்காரன் ஒருவன்.

"உனக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்பாள் பூமயில், மஞ்சளைப் பார்த்தபடி.

புரட்டாசியில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் ஆதிமூலம் வந்தார். விதியை விதியாகவே நேசிக்கிற மனிதர். கெட்டவர் இல்லை. நிழலில் நின்று தன் கைக்கடிகாரம் பதினொன்றரையிலிருந்து ஒன்றரைக்குத் தாவுவதைப் பார்த்தார். அதைத் தட்டினார், காதில் வைத்தார், பிறகு ஏற்றுக்கொண்டார். சோற்றை ஒரு கவளம் ருசி பார்த்து உப்பு சரி என்றார்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா இது மதிய உணவு இல்லை."

"வேற என்ன சார்?"

"ஒன்றரைக்குப் போட்டா அது ஒன்றரைச் சாப்பாடு. மதியம்னு ஒண்ணு இருந்து, அதுல போட்டாத்தான் மதிய உணவு. மதியம் இல்லாத ஊருக்கு மதிய உணவுன்னு அரிசி ஒதுக்கினா நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

"பசிக்கு மணி தெரியுமா சார்?"

"பசிக்குத் தெரியாது. எனக்குத் தெரியணும்." அவர் குரலில் வருத்தம் இருந்தது. "தீபாவளி முடிஞ்சு முதல் புதன்கிழமை வர்றேன். என் கண்ணால மதியத்தைப் பாக்கணும். அந்த மதியத்துக்குள்ள எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டு எந்திரிக்கணும். இல்லேன்னா இந்த மையத்தை மேலவேலங்குடியோட சேத்துர வேண்டியதுதான்."

மேலவேலங்குடி முள்ளுக்காட்டைத் தாண்டி, நாலுவழிச்சாலையையும் தாண்டி இருந்தது. சோறு அங்கே போனால் பிள்ளைகளும் அங்கே போக வேண்டும். பிள்ளைகள் போனால் பள்ளிக்கூடமும் போய்விடும். பூமயில் அந்தச் சாலையை எப்படித் தாண்டுவாள் என்று அழகுமீனாள் எண்ணிப் பார்த்தாள். நடுச்சாலையில் நின்று லாரியை வானத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். அதற்குமேல் எண்ண அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் திரும்பி வந்தது.

அழகுமீனாள் வீட்டில் அரிவாள்மணைக்கும் கரண்டிக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்குப் பிறகு பதினொன்று முப்பத்தொன்று ஆனது. அவள் அதைக் கடிகாரத்தில் பார்க்கவில்லை, முதுகில் உணர்ந்தாள். வெளியே வந்தபோது, நிழல்கள் எல்லாம் அவரவர் காலடிக்குள் நாய்க்குட்டி மாதிரிச் சுருண்டுகொண்டிருந்தன. ஊர் தடுமாறியது. புது மருமகள்கள் அடுப்பு மூட்டத் தெரியாமல் விழித்தார்கள். கிழவர்கள் நின்ற இடத்திலேயே உறங்கினார்கள். ஊர் எல்லைப்பக்கம் குதிரைக் குளம்படி கேட்டது, சாத்தையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படையலோடு ஓடினார். களத்தில் கிடந்த மிளகாய் ஒரு சுற்று சிவந்தது. பிறகு எல்லா ஊரையும் போல ஒன்றரை மணி, அது வர வேண்டிய வழியாக வந்தது.

மறுநாள் அவள் பிளான்டுக்குப் போனாள். வாசலில் காவலுக்கு நின்றவன் அவளுடைய சின்ன மாமனார் மகன் பாண்டி. சீருடை போட்டதிலிருந்து அவனுக்கு உறவு சரியாகத் தெரிவதில்லை.

"யாரைப் பாக்கணும்?"

"உங்கப்பன் கல்யாணத்துல பந்தி பரிமாறுனவடா நான். தள்ளி நில்லு."

"போங்க மதினி" என்றான் பாண்டி.

பராமரிப்பு இன்ஜினியர் கௌதமன் ஈரோட்டுக்காரன். ஒல்லி. வந்தபோது இத்தனை ஒல்லி இல்லை. பிளான்டின் மெஸ்ஸிலும் மத்தியானம் இல்லாததால் மதியச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார்கள். அவனுடைய அம்மா ஒவ்வொரு இரவும் வீடியோ காலில் அவன் கன்னத்தைக் காட்டச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

"நேத்து மட்டும் எப்படித் தம்பி வந்துச்சு?"

"நேத்து லீவுங்க்கா. நாடு பூரா மில்லு, கம்பெனி எல்லாம் மூடியாச்சு. கரன்ட்டு செலவாகலே. தொகுப்பைக் கவனிக்கறவங்க மேலிருந்து கூப்பிட்டு, உங்க உற்பத்தி வேண்டாம், நிறுத்துங்கன்னாங்க. நிறுத்துனோம். அவ்வளவுதானுங்க்கா."

"யாருக்கும் வேண்டாட்டி எங்களுக்கு வந்துருது."

"அப்படித்தான் ஆகுதுங்க."

"பள்ளிக்கூடம் இருக்குற நாள்ல வேண்டாம்னு சொல்ல மாட்டாகளா?"

கௌதமன் யோசித்தான். "பள்ளிக்கூடம் இருக்கற நாள்ல மில்லும் இருக்குமேங்க்கா."

அதாவது பள்ளி உள்ள நாளில் மத்தியானம் இல்லை, மத்தியானம் உள்ள நாளில் பள்ளி இல்லை. அழகுமீனாள் இதை ஊர்க்கூட்டத்தில் உள்ளபடி சொன்னாள். ஊரோ தனக்குப் பிடித்த பாதியை மட்டும் கேட்டுக்கொண்டது. யாருக்கும் வேண்டாமென்றால் மத்தியானம் திரும்பி வரும். அப்படியானால் வேண்டாமென்று சொல்லிவிட வேண்டியதுதானே? மறுநாள் காலையிலிருந்து சுரைக்குளம் மொத்தமும் மெயின் ஸ்விட்சை அணைத்தது. மோட்டார் ஓடவில்லை, கிரைண்டர் ஓடவில்லை, தெருவிளக்கு எரியவில்லை. பெண்கள் சீரியலை விட்டுக்கொடுத்தார்கள். அந்த வாரம்தான் கதாநாயகிக்கு விஷம் வைத்தார்கள், அவள் பிழைத்தாளா என்பது சுரைக்குளத்துக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. ஆவடிக்காரி மின்விசிறியை நிறுத்தினாள். திருப்பூரில் இருந்தவர்கள் தறி முதலாளியிடம் பேசிப் பார்த்துத் திட்டு வாங்கினார்கள். துபாயில் இருந்த ஒருவன் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் ஏசியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். துபாய் வேறு தொகுப்பு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, சொன்னால் மனசு உடைந்துவிடுவான் என்று.

ஒரு வாரம் பார்த்தார்கள். பதினொன்றரைக்கு அடுத்து ஒன்றரைதான் வந்தது.

கௌதமனே சைக்கிளில் பள்ளிக்கு வந்தான். "ஏனுங்க்கா, ஊர்ல எல்லாம் அணைச்சு வெச்சிருக்கீங்களாமா? இந்த ஊரு மொத்தமும் அணைச்சா, தேசத்துக்கு அது கொசு தும்முன மாதிரிங்க. போடச் சொல்லுங்க. ராத்திரி பாம்பு வரும்."

"அப்ப வேற வழியே இல்லையா தம்பி?"

அவன் கண் சாம்பார் வாளியில் இருந்தது. அழகுமீனாள் பத்தொன்பது வருஷமாகப் பசித்த கண்களைப் பார்க்கிறவள். தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்து நீட்டினாள். அவன் நின்றபடியே தின்றான். தின்று முடித்ததும், சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னான்.

"எல்.சி.ன்னு ஒண்ணு இருக்குங்க்கா. லைன் கிளியர். கம்பியில கை வெக்கறதுக்கு முன்னாடி, இந்த லைனை நிறுத்தி வைங்கன்னு கண்ட்ரோல் ரூம்ல என் பேருல வாங்கிக்குவேன். அப்புறம் நானே நேர்ல போய், வேலை முடிஞ்சுது, எல்லாரும் வெளிய வந்துட்டாங்கன்னு திருப்பிக் குடுத்தாத்தான் மறுபடி கரன்ட்டு விடுவாங்க. போன்ல சொன்னா ஆகாது. ஆளு விட்டுச் சொன்னா ஆகாது. மந்திரி சொன்னாலும் ஆகாது. ஏன்னா உள்ள ஒருத்தன் கம்பியைப் பிடிச்சுட்டு நிப்பான், பாருங்க. அது உசுரு சமாச்சாரம்."

"சரி."

"போன மாசம் ஏழாம் பிளாக்குக்கு எல்.சி. வாங்கியிருந்தேன். பதினொன்றரை தாண்டுச்சு." அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பிளாக்குல மட்டும் மத்தியானம் வந்துச்சுங்க்கா. நாலு வேலிக்குள்ள. நான் டிபன் பாக்ஸைத் தொறந்து சாப்பிட்டேன். யாருகிட்டயும் சொல்லலை."

அழகுமீனாள் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணாடிப் பலகைகள் சாய்ந்து நின்றன. அவற்றின் தலைமாட்டில் பெரிய வெள்ளை எழுத்தில் ஏழு என்று எழுதியிருந்தது.

"அந்த மத்தியானம் வேலிய மதிக்குமா தம்பி?"

"கொஞ்சம் வழியும்னு நெனைக்கறனுங்க."

"தீபாவளி கழிச்சு மொத புதன்கெழமை அதுக்கு ஏதாச்சும் வேலை இருக்குமா?"

"பராமரிப்புன்னா எப்பவும் வேலை இருக்குங்க்கா. ஆனா மேலிருந்து அவசரம்னு கூப்பிட்டா நான் உடனே ஓடிப்போய்த் திருப்பிக் குடுத்தாகணும். அது என் வேலை."

"ஓடுங்க. யாரு வேணாங்குறா? அன்னிக்கு முட்டைச் சாம்பார். வந்து பிள்ளைகளோட ஒரு வாய் உக்காந்து சாப்பிட்டுட்டு ஓடுங்க."

புதன்கிழமை ஆதிமூலம் பதினொரு மணிக்கே வந்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதினொன்றேகாலுக்குக் கௌதமன் வேலியைத் தாண்டி வந்து, "என் பேருல வாங்கியாச்சுங்க்கா" என்றான். பதினொன்றரை ஆனது. ஊரின் மற்ற இடங்களில் சூரியன் வழக்கம்போல ஒரே எட்டில் மேற்கே போனது. பள்ளிக்கூடத்து வளாகத்தில் மட்டும், பின்வேலியிலிருந்து முன்வாசல் கொடிக்கம்பம் வரை, மத்தியானம் நிதானமாக ஊறி வந்து நிறைந்தது, கண்மாய் மடையைத் திறந்தால் முதல் தண்ணீர் வருமே, அப்படி.

ஆதிமூலம் எழுந்து வெயிலில் நின்று தன் காலடியைப் பார்த்தார். நிழல் செருப்புக்குள் அடங்கியிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது பன்னிரண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் கண் கொஞ்சம் கலங்கியது. ஒரு விதி தன் பொருளோடு பொருந்தி நிற்பதை அவர் உத்தியோகத்தில் அடிக்கடி கண்டதில்லை.

"மதியம்" என்றார்.

"உக்காருங்க சார், பந்தி போட்டாச்சு."

ஊருக்கு மத்தியானத்தின் மணம் எட்டிவிட்டது. ஒரு வீட்டார் மிளகாயைத் தார்ப்பாயோடு தூக்கிவந்து வேலியோரம் விரித்தார்கள். ஒரு கிழவர் கயிற்றுக் கட்டிலைக் கொடிக்கம்பத்தடியில் போட்டு, கால் பாதி ஒன்றரை மணியிலும் தலை மத்தியானத்திலுமாகப் படுத்து, பிறகு ஒரு முழம் நகர்ந்து முழுசாக உறங்கினார். சாத்தையா படையலோடு வந்து சமையற்கூடத்துப் பின்சுவரில் வைத்தார். அங்கே மணலில் குளம்படிகள் தாமாகவே பதிந்தன. பிள்ளைகள் காலை ஒதுக்கி வழிவிட்டார்கள்.

இருளாயி சோறு வைத்தாள், அழகுமீனாள் முட்டை வைத்தாள். பிள்ளைகள் ஒரு வரிசை, எதிரே ஆதிமூலம், பக்கத்தில் கௌதமன், அவனுக்குப் பக்கத்தில் சாத்தையா. கௌதமன் முதல் சோற்றை நிமிராமல் தின்றான், இரண்டாம் சோற்றை நிமிர்ந்து தின்றான். மூன்றாவது வைக்கும்போது அவன் போன் அடித்தது.

கண்ட்ரோல் ரூம். வடக்கே எங்கோ மேகம் மூடிவிட்டதாம், தொகுப்பில் மின்சாரம் போதவில்லையாம், ஏழாம் பிளாக்கை உடனே ஓட்டச் சொல்லி மேலிருந்து நெருக்குகிறார்களாம். கௌதமன் முழங்காலில் கையூன்றி எழப் பார்த்தான்.

"உக்காருங்க தம்பி" என்றார் சாத்தையா. "பந்தியில பாதியில எந்திரிக்கிற பழக்கம் இந்த ஊர்ல கெடயாது."

"அவசரமுங்க."

"அவசரத்துல எந்திரிச்ச ஒருத்தராலதான் ரெண்டு தெரு பேசாம கெடந்துச்சு. கடைசி ஆள் முடிக்கட்டும்."

கௌதமன் குந்தினான். எல்லோரும் வரிசையைப் பார்த்தார்கள். எல்லாத் தட்டும் காலி. ஒரு தட்டைத் தவிர.

"ஏ பூமயிலு, சீக்கிரம் தின்னுடி!" என்றான் ஐந்தாம் வகுப்புக்காரன்.

"முழுங்குடி! அப்படியே முழுங்கு!"

"பாப்பா, கொஞ்சம் வேகமா" என்றார் ஆதிமூலம். "மதியம் போறதுக்குள்ள நீ முடிக்கணும். இல்லேன்னா நான் எழுத முடியாது."

பூமயிலின் தட்டு விளிம்பில் ஓட்டுக் கோலம் பாதிதான் ஆகியிருந்தது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் தன்னைப் பார்ப்பது அவளுக்குப் புதிது. உதடு பிதுங்கியது. முட்டையை முழுசாக வாய்க்குக் கொண்டுபோனாள்.

அழகுமீனாளுக்கும் "சீக்கிரம்" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பத்தொன்பது வருஷமாக அவள் அந்தப் பிள்ளை போன்ற பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். அதைச் சொல்லப்போனவள், வாளியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பூமயில் முடிக்காமல் பந்தி எழாது. பந்தி எழாமல் கௌதமன் எழ முடியாது. கௌதமன் எழுந்து போகாமல் எல்.சி. திரும்பாது. எல்.சி. திரும்பாமல் ஏழாம் பிளாக் ஓடாது. ஏழாம் பிளாக் ஓடாமல் மத்தியானம் போகாது. போன் மறுபடி அடித்தது. தேசத்தின் மின்தொகுப்பு, அதன் கோபுரங்களோடும் கம்பிகளோடும் ஆலைகளோடும் ரயில்களோடும், வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையின் கையில் இருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அழகுமீனாள் வரிசையின் கடைசிக்கு நடந்தாள். பூமயிலின் முன்னால் குனிந்து, வாய்க்குப் போன முட்டையை மெல்ல இறக்கித் தட்டில் வைத்தாள். வாளியிலிருந்து இன்னொரு முட்டையை, உரிக்காத முட்டையை எடுத்து, அதன் பக்கத்தில் வைத்தாள்.

"மெதுவாச் சாப்பிடு, தாயி" என்றாள். "ஒரு அவசரமும் இல்ல."